லைன் இல்ல

பெடோங் பழைய பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
கைப்பேசிக் கடையில் எனக்கு ஒன்பது வருஷம்.
நாளைக்கு நாற்பது தடவையாவது
யாராவது கண்ணாடிமேல் போனை வைத்துச் சொல்வார்கள்:
லைன் இல்ல.

சிக்னலைத்தான் சொல்கிறார்கள்.
கோழிக்கடை சியூ லானும் அப்படித்தான்,
லாரி ஓட்டும் ரம்லியும் அப்படித்தான்.
கோலாலம்பூரிலிருந்து வந்த மேனேஜர் ஒருமுறை திருத்தினார்:
லைன் என்றால் கம்பி, கம்பியில்லாத போனுக்கு ஏது லைன்?
வாசலில் ஆறு பேர் லைனில் நிற்கிறார்கள் சார்,
அவர்களிடம் கேளுங்கள் என்றேன்.

இந்த ஊரில் ‘நீ எந்த லைன்?’ என்று கேட்டால்
வயசானவர்கள் வீட்டைச் சொல்வார்கள்:
ஆறாம் லைன், கோயில் பக்கம்.
அவர்கள் பிள்ளைகள் தொழிலைச் சொல்வார்கள்: ஏர்கான் லைன்.
லயம் என்று எழுதினார் தமிழ்ப்பள்ளி வாத்தியார்.
பாட்டு வகுப்பில் அதுவே தாளம்.
இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்,
ஒரே தகரத்துக்கு அடியில் பன்னிரண்டு கதவு,
முதல் வீட்டில் இருமினால்
மூன்றாம் வீட்டில் வெந்நீர் வைப்பார்கள்.

சொஹாக் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மழையில்.
வங்காளதேசத்துப் பையன், செம்பனைக் குலை வெட்டுகிறவன்,
மண்டோரிடம் திட்டு வாங்கிக் கற்ற தமிழ்.
“அக்கா, லைன் இல்ல.
பொண்டாட்டி மொகம் பாதி வந்து நிக்குது.
கண்ணு வரல.”

வேறு சிம் போடலாம் என்று தாளை எடுத்தேன்.
இனம் என்ற இடத்தில் நான்கு கட்டம்.
மூன்றைத் தாண்டி நாலாவதை
அவனே தேடித் தொட்டான்: லாயின்-லாயின்.
மலாயில் லாயின் என்றால் வேறு.
இரட்டித்தால் மற்றவர்கள்.
லைன் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால்
என் போன் அதை லாயின் என்று திருத்திவிடும்.
கவனிக்காமல் பலருக்கு அனுப்பியிருக்கிறேன்:
இங்கே வேறு இல்லை, பிறகு கூப்பிடு.
அம்மா வேறிலிருந்து கிளம்பிவிட்டாள்.

முகவரி?
“லைன் ஏழு. கதவு மூணு.”

பேனா நின்றது.
இருபத்தொரு வருஷம் நான் எழுதிய முகவரி.
சொல்லவில்லை. சொல்லி என்ன,
வாடகையா வாங்கப்போகிறேன்?

தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்:
சிம்மில் கோளாறு இல்லை.
முன்கூடத்தில் வராது, படுக்கிற இடத்திலும் வராது.
பின்னால் போ. துணி காயும் லைன் கட்டிய
இரும்புத் தூண் ஒன்று இருக்கும்.
கால்வாய்ப் பலகைமேல் ஒரு கால், மண்ணில் ஒரு கால்.
ரயில் லைன் பக்கம் திரும்பி நில்.
இரண்டு கோடு வரும்.
மழை விட்டால் மூன்று.

“அக்காவுக்கு எப்படித் தெரியும்?”

அது என் லைன் தம்பி.

தொழிலைச் சொன்னதாக நினைத்துத்
தலையாட்டிவிட்டுப் போனான்.

அந்தப் பலகையில் நின்று நான் பேசியவன் தர்மசீலன்.
எனக்கு லைன் விடுகிறான் என்று லயமே சிரித்தது.
பிறகு அவன் ஜொகூர் போனான், வெல்டிங் லைன்.
ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிடுவான்.
பிறகு ஞாயிறு மட்டும்.
பிறகு ஒருநாள் பேச்சு நடுவில்,
“இரு, இங்க லைன் சரியில்ல” என்றான்.
என் போனில்
மூன்று கோடும் அசையாமல் நின்றன.

அடுத்த வாரம் சொஹாக் வந்தான்,
பத்து வெள்ளிக்கு டாப்அப்.
“லைன் ஃபுல்லு அக்கா! கண்ணு வந்துச்சு.
அவ அழுவுறா, அதுகூடத் தெரியுது.”
சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டான்:
“அந்தத் தூண்ல யாரோ ஆணியால
கோடு கோடா கீறியிருக்காங்க. ரொம்ப.
எதோட கணக்கு அது?”

தெரியலையே என்றேன்.
அவனுக்குப் பின்னால் நின்ற கிழவர்
குடையை மடக்கிவிட்டு
போனைக் கண்ணாடிமேல் வைத்தார்.